நூலகத் தளத்தைச் சோதிக்கும்போது விடையைக் கேள்வியிலேயே கொடுத்துவிடாதீர்கள்

நூலகத்தில் புதிதாகச் சேர்ந்த இருவர், எங்கள் இணையதளத்தை மாணவர்களை வைத்துச் சோதிக்கப் போவதாகப் போன வாரம் ஒரு கேள்வித்தாளை நீட்டினார்கள். முதல் கேள்வி: “இ-ரிசோர்ஸஸ் பகுதிக்குச் சென்று உங்கள் துறைக்கான ஆய்விதழ் ஒன்றைக் கண்டுபிடிக்கவும்.” முன்பு வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய அதே கேள்வி. ஒரு சொல்கூட மாறவில்லை.

உடைந்த லிங்க், மங்கலான எழுத்து போன்றவை யார் கண்ணிலும் படும். அதை விட்டுவிடுகிறேன். எளிதில் கண்ணில் படாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மெனுவில் உள்ள சொல்லையே கேள்வியில் எழுதுவது

கேள்வியிலும் ‘இ-ரிசோர்ஸஸ்’, மெனுவிலும் ‘இ-ரிசோர்ஸஸ்’. மாணவர் எதையும் தேடுவதில்லை. சின்ன வகுப்பில் ‘பொருத்துக’ போட்ட மாதிரி கோடு இழுத்துவிட்டுப் போகிறார். அந்தப் பழைய பல்கலைக்கழகத்தில் அன்று 8 பேரை உட்கார வைத்தோம். 8 பேரும் அரை நிமிடத்தில் முடித்தார்கள். எங்களுக்கு ஒரே பெருமை. அந்த மெனுவை அப்படியே புதுத் தளத்தில் ஏற்றினோம்.

செமஸ்டர் தொடங்கியதும் கவுண்டரில் ஆரம்பித்தது: “சார், ஆர்ட்டிகிள் எங்க டவுன்லோட் பண்றது?” ஆய்வு மாணவி ஒருவர் ஒரு கட்டுரைக்குக் கைக்காசைக் கட்டிவிட்டு ரசீதோடு வந்து, பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார். நாங்கள் வருடாவருடம் சந்தா கட்டும் இதழ் அது. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான், அவர் மேல் அல்ல.

‘ரிசோர்ஸ்’, ‘ஓபாக்’ (நூல் பட்டியலைத் தேடும் பக்கம்), ‘ரெபாசிட்டரி’ (ஆய்வேடுகள் போன்றவற்றின் மின்சேமிப்பகம்) எல்லாம் நம் அலுவலகப் பேச்சு. மாணவர் வாயில் வருவது ஆர்ட்டிகிள், தீசிஸ், பழைய கொஸ்டின் பேப்பர். மெனுவில் வெறுமனே ‘ஷோத்கங்கா’ என்று போட்டால், புதிதாக வந்தவர் அதை ஏதோ அரசுத் திட்டம் என்று தாண்டிப் போவார். ‘முனைவர் பட்ட ஆய்வேடுகள்: ஷோத்கங்கா’ என்று எழுத என்ன செலவு?

சரி, கேள்வியை எப்படி எழுதுவது? சூழலைச் சொல்லுங்கள், இடத்தைச் சொல்லாதீர்கள். “நெற்பயிர் நோய் பற்றிக் கடந்த 5 ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் மூன்று வேண்டும் என்கிறார் உங்கள் கைடு. நூலகத் தளத்திலிருந்து தொடங்குங்கள்.” அவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இப்படி மாற்றியபின் வந்த முதல் மாணவர், மெனுவின் மேல் மவுஸை இரண்டு முறை இப்படியும் அப்படியும் ஓட்டினார், ‘சர்வீசஸ்’ மேல் கொஞ்சம் நின்றார், பிறகு புது டேப் திறந்து கூகுளுக்குப் போய்விட்டார். “தம்பி, அங்கே இல்லை” என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லக் கூடாது. அவர் எந்தச் சொல்லில் தயங்கினார், எப்போது கைவிட்டார் என்பதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

வளாக வைஃபையில் மட்டும் சோதிப்பது

பல இதழ்கள் வளாகத்தின் ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்ணை) பார்த்துத் திறப்பவை. உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கும். இரவு வீட்டில், செல்போன் டேட்டாவில் திறந்தால் பணம் கேட்கும். வெளியிலிருந்து நுழையும் லாகின் எங்கே என்று தேடவைத்துப் பாருங்கள். பாதிச் சோதனையாவது போனில் நடக்கட்டும்.

தமிழில் தேடிப் பார்க்காமல் விடுவது

தமிழ் நூல்களின் தலைப்பை ரோமன் எழுத்தில் மட்டும் ஏற்றிய பட்டியல்கள் இருக்கின்றன. அங்கே ‘கல்வெட்டு’ என்று தமிழில் அடித்தால் பூஜ்யம். அலமாரியில் புத்தகம் இருக்கும்.

‘5 பேர் போதும்’

இணையதளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது: 5 பேரிடமே சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும். ஆனால் அது ஒரே வகைப் பயனர்களுக்கு. பி.ஏ. முதலாண்டும் பேராசிரியரும் ஒரே வகை அல்ல. திருத்தியபின் மறுபடி சோதிக்க வேண்டும் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. அதை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

எஸ்யூஎஸ் மதிப்பெண்

தளம் பயன்படுத்த எவ்வளவு எளிது என்று பயனரிடமே 10 கேள்விகள் கேட்டு, 100-க்குப் போடும் மதிப்பெண் இது. 70 வந்தால் 70 சதவீதம் அல்ல. சராசரியே 68.

நூலக அறிவியல் மாணவர்களை வைத்துச் சோதிப்பது

வேண்டாம்.

புதியவர்கள் இருவரும் மறுநாளே திருத்திக் கொண்டுவந்தார்கள். முதல் கேள்வி நன்றாக வந்திருந்தது. மூன்றாவதில் ‘ஓபாக்’ அப்படியே உட்கார்ந்திருந்தது.