சாட்பாட்டிடம் மனம்விட்டுப் பேசுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கமிருந்து கல்லூரிக்குப் போன தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். பரீட்சை நேரத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு மனசு அடைத்துக்கொண்டு வந்தால் யாரிடம் சொல்வது? அம்மா விடியுமுன் செம்பனை வேலைக்குக் கிளம்ப வேண்டியவர், எழுப்ப மனம் வராது, அறைத்தோழியிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடுமோ என்ற பயம் வேறு. அதனால் சாட்ஜிபிடி மாதிரி, கேட்டதற்குப் பதில் பேசும் சாட்பாட்டிடம் கொட்டுகிறீர்கள். அதில் தப்பில்லை.

ஆனால் அது ஆளைப் போலவே பேசுவதில் மயங்காதீர்கள். 1966-இல் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் வெளியிட்ட எலைசா, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்ட சின்னக் கணினி நிரல்தான். அது நிரல் என்று நன்றாகத் தெரிந்த அவருடைய செயலாளரே, அதனுடன் தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். இன்றைய சாட்பாட் அதைவிடப் பல மடங்கு இதமாகப் பேசும், நமக்கு ஒத்து ஊதவும் செய்யும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதிய பதிப்பு அளவுக்கு மீறி முகஸ்துதி பாடியதால் அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது.

எனவே யாருடனாவது மனத்தாங்கல் என்று அதனிடம் சொல்லும்போது முதலிலேயே, "ஆறுதல் வேண்டாம், என் பக்கம் என்ன தவறு, அவர் பக்கம் என்ன நியாயம்?" என்று கேளுங்கள்.

அப்புறம், அதை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடத்தில் ஃபெயில், பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனுக்குச் சிக்கல் வருமோ என்ற கவலை, அப்பாவிடம் சொல்லியாக வேண்டும் என்றால், கோபக்கார அப்பாவாக நடிக்கச் சொல்லி இரண்டு தடவை பேசிப் பாருங்கள். பிறகு அந்த ஆப்பை மூடிவிட்டு நிஜ அப்பாவைக் கூப்பிடுங்கள். அவர் நீங்கள் ஒத்திகை பார்த்த எதையும் சொல்ல மாட்டார், கத்துவார், பட்டென்று போனை வைப்பார், மறுநாள் அவரே கூப்பிட்டு "கையில காசு இருக்கா?" என்பார். அந்த ஒரு ராத்திரியைத் தாங்குகிறீர்களே, மனவுறுதி வளர்வது அங்கேதான், சாட்பாட்டால் அதைத் தர முடியாது.

சாட்பாட்டிடம் சொன்னதில் ஒன்றையாவது அதே வாரத்தில் அக்காவிடமோ மாமாவிடமோ கல்லூரி கவுன்சிலரிடமோ சொல்லிவிடுங்கள். பெற்றோரே, நீங்கள் போனைப் பிடுங்காதீர்கள், "அது என்னம்மா சொல்லுச்சு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

சாக வேண்டும் போலிருந்தால் சாட்பாட்டை விட்டுவிட்டு உடனே ஆளிடம் பேசுங்கள். மனக்கஷ்டத்தில் இருப்பவர்களிடம் காதுகொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் இருக்கிறார்கள், சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் லைன் 15555. போலீஸ், கேஸ் என்று பயப்பட வேண்டாம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.