லோனோடு சேர்த்துத் தலையில் கட்டிய இன்சூரன்ஸ்: பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

ஹோம் லோனோ பர்சனல் லோனோ எதுவாக இருந்தாலும் சரி, லோன் கணக்கு ஸ்டேட்மென்டை எடுத்துப் பணம் பட்டுவாடா ஆன தேதியைப் பாருங்கள். நீங்கள் கேட்டது 25 லட்சம், கணக்கில் கடன் 26 லட்சத்து 20 ஆயிரம் என்று இருக்கிறதா? அந்த 1,20,000 பெரும்பாலும் ஒரே தவணையில் பிடித்த இன்சூரன்ஸ் பிரீமியம். "இது கம்பல்சரி சார், இல்லைன்னா ஃபைல் நகராது" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். கம்பல்சரி எல்லாம் கிடையாது. லோன் வாங்கினால் ஆயுள் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் சொல்லவில்லை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயும் சொல்லவில்லை. அடமானம் வைத்த வீட்டுக்குத் தீ, வெள்ளக் காப்பீடு வேண்டும் என்று வங்கி நிபந்தனை போடுவது வேறு விஷயம். அதைக்கூட நாங்கள் காட்டும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்த முடியாது.

எனக்கும் இப்படித்தான் ஒன்றைக் கட்டினார்கள், பணம் திரும்ப வந்தது. எந்த வங்கி என்பது இங்கே தேவையில்லை, எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான்.

பிரிட்டனில் இதே சரக்கு பிபிஐ (கடன் தவணைக்கான காப்பீடு) என்ற பெயரில் வருடக்கணக்காக விற்றது. கடைசியில் அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பு தலையிட்டு, 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாள் என்று கெடு வைத்து எல்லோரையும் புகார் கொடுக்கச் சொன்னது, வங்கிகள் 3,800 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பிக் கொடுத்தன. நம் ஊரில் அப்படி மொத்தமாக யாரும் வந்து கொடுக்கப் போவதில்லை. அவரவர் பணத்துக்கு அவரவர்தான் அலைய வேண்டும், அதனால்தான் இந்தப் பதிவு.

அலையுமளவுக்கு மதிப்பு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. பிரீமியம் 1,20,000 என்று வங்கி சொல்லும், ஆனால் அதுவும் கடனாகச் சேர்ந்திருப்பதால் அதற்கும் வட்டி உண்டு. 9 சதவீதம், 20 வருடம் என்று எந்த இஎம்ஐ கால்குலேட்டரில் போட்டாலும் அந்தத் தொகைக்கு மட்டும் மாதம் சுமார் 1,080 ரூபாய் வரும், 20 வருடத்தில் கிட்டத்தட்ட 2,59,000. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் புகாரில் உதவும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை. உங்களை நம்பிக் குடும்பம் இருந்து, வேறு டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்கு உயிருக்கு மட்டும் கவரேஜ் தருவது) எதுவும் இல்லையென்றால், முதலில் தனியாக ஒரு டெர்ம் பாலிசி எடுத்துவிட்டு அப்புறம் இதை ரத்து செய்யுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, வங்கி வழியாக வரும் குரூப் பாலிசிக்கு உண்டு. லோன் பாலிசியில் பெரும்பாலும் கடன் குறையக் குறையக் கவரேஜும் குறையும், டெர்மில் அப்படி இல்லை. என் கட்சி டெர்ம்தான்.

முதல் வேலை: காகிதம் சேர்ப்பது

சாங்ஷன் லெட்டர், லோன் ஸ்டேட்மென்ட், பாலிசி. இதில் பாலிசி என்று நீங்கள் நினைப்பது பல நேரம் பாலிசியே இல்லை. வங்கி தன் பெயரில் ஒரு மாஸ்டர் பாலிசி வைத்திருக்கும், அதில் நீங்கள் ஓர் உறுப்பினர், உங்களுக்குக் கிடைப்பது "சர்டிஃபிகேட் ஆஃப் இன்சூரன்ஸ்" என்ற ஒன்றிரண்டு பக்கம். மெயிலில் ஸ்பாம் பெட்டியையும் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கே மெயில் அனுப்பிக் கேளுங்கள், வங்கியிடம் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

2024 அக்டோபர் 1 முதல் கொடுத்த ரீடெயில் லோன்களுக்குக் கூடுதலாக ஒரு காகிதம் உண்டு, கேஎஃப்எஸ் என்ற கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட். லோனின் எல்லாச் செலவையும் ஒரே இடத்தில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, இன்சூரன்ஸ் கட்டணமும் அதில் வர வேண்டும். கேஎஃப்எஸ்ஸில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது. அதில் இன்சூரன்ஸ் கட்டணத்துக்கான இடம் காலியாக இருந்து, கணக்கில் பணம் பிடித்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

30 நாள் தாண்டவில்லையா? ஃப்ரீ லுக்

பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். 2024 ஏப்ரல் முதல் இதுதான் விதி, அதற்கு முன் பல பாலிசிக்கு 15 நாள்தான் இருந்தது. ஏமாற்றினார்கள் என்று நிரூபிக்கத் தேவையில்லை, க்ளெய்ம் எதுவும் செய்யாமல் இருந்தால் போதும். காப்பீடு இருந்த நாட்களுக்கான பங்கு, மெடிக்கல் செலவு, ஸ்டாம்ப் டியூட்டி மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

கேட்க எளிது. நான் மாட்டியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டால், "பாலிசி வங்கியின் பெயரில் இருக்கிறது, வங்கியிடம் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) வாங்கி வாருங்கள்" என்பார்கள். பிராஞ்சுக்குப் போனால், "லோன் செக்ஷன் வேறு இடத்தில் இருக்கு சார், மெயில் போட்டிருக்கோம்" என்பார்கள். அந்த மெயிலுக்குப் பதில் வராது. அதற்குள் 30 நாள் ஓடிவிடும், அப்புறம் "ஃப்ரீ லுக் முடிஞ்சிடுச்சே சார்" என்று வருத்தப்படுவார்கள். என்ஓசி வரட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் கஸ்டமர் கேர் மெயிலுக்கும் குறைதீர்ப்பு அதிகாரியின் மெயிலுக்கும் ஒரே மெயிலாக, வங்கிக்கு நகல் போட்டு, ரத்துக் கோரிக்கையை அனுப்பிவிடுங்கள். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"மேற்படி சர்டிஃபிகேட் எனக்கு இன்ன தேதியில் கிடைத்தது. ஃப்ரீ லுக் காலத்துக்குள் இதை ரத்து செய்யக் கோருகிறேன். கோரிக்கைத் தேதியாக இந்த மெயிலின் தேதியையே எடுத்துக்கொள்ளவும். வங்கியின் என்ஓசி தேவையென்றால் வங்கியிடம் நேரடியாகப் பெற்றுக்கொள்ளவும், அதன் தாமதத்துக்கு நான் பொறுப்பல்ல."

அந்தக் கடைசி வரி முக்கியம். அதை எழுதியபின்தான் என் விஷயத்தில் இரண்டு பக்கமும் பந்தை என்னிடம் தள்ளுவது நின்றது. கோரிக்கைக்கு ஒரு எண் தருவார்கள், அதைக் குறித்து வையுங்கள்.

இன்னொரு இடறல். பிராஞ்சில் நீட்டும் படிவத்தில் "சரண்டர்", "ஃப்ரீ லுக் ரத்து" என்று இரண்டு கட்டம் இருக்கும். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சரண்டரில் டிக் போடச் சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு. சரண்டர் என்றால் நீங்களாக முறிப்பது, கழிவு எக்கச்சக்கம். ஏமாற்றி விற்றார்கள் என்று புகார் கொடுக்கப் போகிறவர் அதற்கு முன் சரண்டர் படிவத்தில் கையெழுத்துப் போடவே கூடாது.

30 நாள் தாண்டிவிட்டதா? புகார்தான்

இங்கே "ஏமாற்றிவிட்டார்கள்" என்று உணர்ச்சியாக எழுதிப் பலனில்லை. முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: நீங்கள் பூர்த்தி செய்ததாகச் சொல்லும் புரொபோசல் படிவத்தின் (காப்பீட்டு விண்ணப்பம்) நகல், உங்களுக்கு வந்த சரிபார்ப்பு அழைப்பின் ஒலிப்பதிவு அல்லது ஓடிபி சம்மதத்தின் விவரம். படிவம் வந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். வருமானம் ஏற்றிப் போட்டிருக்கும், தொழில் மாறியிருக்கும், மொபைல் எண்ணும் மெயிலும் உங்களுடையதாகவே இருக்காது, உடல்நலக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று யாரோ டிக் அடித்திருப்பார்கள். சர்க்கரை இருப்பவருக்குச் சர்க்கரை இல்லை என்று போட்டிருந்தால் அந்தப் பாலிசி நாளைக்கு க்ளெய்ம் நேரத்திலும் கைவிடும். இந்தத் தவறுகளைப் பக்க எண்ணோடு வரிசையாக எழுதுவதுதான் புகார்.

ஒலிப்பதிவில் நீங்கள் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்று சொல்லியிருந்தால்? பலர் அங்கேயே பயந்து விட்டுவிடுகிறார்கள். வேண்டாம். அழைப்பு வந்தது லோன் பட்டுவாடாவுக்கு முன்பா பின்பா, எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லச் சொன்னது யார் என்று எழுதுங்கள். "இன்சூரன்ஸ் எடுத்தால்தான் லோன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்திருந்தாலும் அது தங்கம், உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

புகாரை வங்கிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தனித்தனியாக, எழுத்தில் கொடுங்கள். என்னைக் கேட்டால் மெயில் மட்டும்தான். ஆப்பில் இருக்கும் சாட் பெட்டியைத் தொடாதீர்கள், நாளைக்கு அந்த உரையாடல் இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. போனில் பேச நேர்ந்தால், "இன்று இன்ன நேரத்தில் பேசினோம், நீங்கள் சொன்னது இது" என்று உடனே ஒரு மெயில் தட்டிவிடுங்கள். சமூக வலைத்தளத்தில் டேக் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை, "டிஎம் பண்ணுங்க" என்ற பதிலோடு நின்றுவிடும்.

பதில் சரியில்லையா? மேலே போகலாம்

இன்சூரன்ஸ் கம்பெனி மீதான புகாரை ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஆனால் அது தீர்ப்புச் சொல்லும் இடம் இல்லை, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும் இடம். தீர்ப்பு வேண்டுமென்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் அலுவலகம். கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதமாகப் பதிலே இல்லையென்றாலோ போகலாம், மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க முடியாது, 50 லட்சம் வரை உத்தரவிடலாம். உத்தரவு வந்தால் கம்பெனி 30 நாளில் நிறைவேற்ற வேண்டும்.

வங்கி செய்த வேலைக்கு ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன். வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும், அப்புறம் ரிசர்வ் வங்கியின் புகார்த் தளமான சிஎம்எஸ்ஸில் பதியலாம். 14448க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம். இங்கே ஒரு நுணுக்கம்: புகாரின் தலைப்பில் "இன்சூரன்ஸ் ரத்து" என்று எழுதினால் இது எங்கள் வேலை இல்லை என்று ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. "லோனுக்கு நிபந்தனையாக வேறு பொருளைக் கட்டாயப்படுத்தி விற்றது, சம்மதமில்லாமல் லோன் கணக்கில் பற்று வைத்தது" என்று வங்கியின் செயலை எழுதுங்கள். பாலிசிக்குள் இருக்கும் தவறுகள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு, வங்கியின் நடத்தை ரிசர்வ் வங்கிக்கு.

நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஆனால் அங்கே வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் கதவு மூடிவிடும். அதனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கே வரும்?

"ரீஃபண்ட் புராசஸ்டு" என்று மெசேஜ் வந்தும் சேமிப்புக் கணக்கில் ஒன்றும் இல்லையே என்று திகைக்க வேண்டாம். பிரீமியம் லோனிலிருந்து போயிருந்தால் பணம் பெரும்பாலும் லோன் கணக்குக்கே திரும்பும். அங்கே அது அசலில் கழிந்ததா, அடுத்த மாத இஎம்ஐக்கு முன்பணமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அசலில் கழிக்கச் சொல்லி, இஎம்ஐயைக் குறைப்பதா காலத்தைக் குறைப்பதா என்பதையும் நீங்களே எழுதிக் கொடுத்து, புதிய தவணை அட்டவணை கேளுங்கள். நான் காலத்தைக் குறைத்தேன். அந்தப் பிரீமியத்துக்கு இதுவரை பிடித்த வட்டியையும் கேளுங்கள். ஃப்ரீ லுக்கில் தானாகத் தர மாட்டார்கள், புகாராகப் போனால் கோரிக்கையில் தனி வரியாக எழுதியிருந்தால்தான் பேச்சே எடுப்பார்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

லோனை முன்கூட்டியே அடைத்துவிட்டேன், இன்சூரன்ஸ் என்ன ஆகும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தானாக ரத்தாகும் என்று நம்பிவிடாதீர்கள். மீதிக் காலத்துக்கான தொகை எவ்வளவு என்று சர்டிஃபிகேட்டில் அட்டவணை இருக்கும், எழுதிக் கேட்டு வாங்குங்கள். இங்கே மட்டும் சரண்டர் சரிதான். லோன் இல்லாமலே கவரேஜைத் தொடர வழி இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள், வயது கூடியவர்களுக்கு அது லாபமாக இருக்கலாம்.

புகார் போட்ட கொஞ்ச நாளில், "ஐஆர்டிஏஐயிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் ரெடி, ஒரு புதுப் பாலிசி போட்டால் ரிலீஸ் ஆகும்" என்று அழைப்பு வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். சுத்த மோசடி. ஐஆர்டிஏஐ பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் பிரித்துக் கொடுப்பதும் இல்லை. கட் பண்ணுங்கள்.

வரி விஷயம் ஒன்று. பழைய வரி முறையில் இந்தப் பிரீமியத்தை 80சி வரிக் கழிவில் காட்டியிருந்தால், ஒற்றைப் பிரீமியப் பாலிசியை இரண்டு வருடத்துக்குள் முறிக்கும்போது அந்தக் கழிவு திரும்ப வருமானத்தில் சேரும். ரத்து செய்த வருடமே என்றால் காட்டாமல் விட்டுவிடுங்கள், ஏற்கெனவே காட்டியவர்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.