குழந்தையின் தலையில் இடித்துவிட்டதா? முதல் நிமிடத்திலிருந்து மறுநாள் வரை

தவழவும் எழுந்து நிற்கவும் பழகும் வயதில் உடலோடு ஒப்பிட்டால் தலைதான் பாரம் என்பதால், குழந்தை தடுமாறும்போதெல்லாம் முதலில் இடிபடுவதும் தலைதான். என் மகள் ஒன்பது மாதத்தில் நாற்காலியைப் பிடித்து எழுந்து, பிடி நழுவி, அதன் விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டாள். சில நிமிடங்களில் கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்துவிட்டது. நான் அந்தப் புடைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்க வேண்டியது அவளை.

படி 1: அழுகையைக் கவனியுங்கள்

அடிபட்டவுடன் வீறிட்டு அழுது, தூக்கியதும் சிறிது நேரத்தில் அடங்கி, வழக்கம்போல் பால் குடித்து விளையாடினால் அது நல்ல அறிகுறி. சத்தமே இல்லாமல் துவண்டு கிடந்தாலோ, சில நொடிகளாவது நினைவு தவறியிருந்தாலோ, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். எழுப்புவதற்காகக் குழந்தையைக் குலுக்கவே கூடாது.

படி 2: அடிபட்ட இடத்தையும் உயரத்தையும் பாருங்கள்

தலைத்தோலில் இரத்தக் குழாய்கள் நெருக்கமாக இருப்பதால் சிறிய இடி கூட வேகமாகப் புடைக்கும். நெற்றியில் எழும் கெட்டியான புடைப்பு பார்ப்பதற்குப் பயமூட்டினாலும் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். காதுக்கு மேலேயோ பின்மண்டையிலோ, தொட்டால் மெத்தென்று அமுங்கும் வீக்கம் வேறு வகை. அது சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம், அடியில் எலும்பு விரிசல் இருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே விரல் நுனிகளால் தலை முழுவதையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். குழிவு தட்டுப்பட்டால் அழுத்தாமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அழும்போது உச்சிக்குழி மேலெழுவது இயல்பு; அழுகை நின்றபின், நிமிர்த்திப் பிடித்த நிலையிலும் உப்பியே இருந்தால்தான் ஆபத்து.

2009-இல் வெளியான, 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்த அமெரிக்க ஆய்வொன்று, 2 வயதுக்குட்பட்டவர்கள் 3 அடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுவதையும் நெற்றி தவிர்த்த இடங்களில் வரும் வீக்கத்தையும் எச்சரிக்கைக் குறிகளில் சேர்த்தது. நின்றுகொண்டிருப்பவரின் கையிலிருந்து நழுவினாலே ஏறக்குறைய அந்த உயரம் வந்துவிடுகிறது. குழந்தைக்கு 3 மாதம் நிறையவில்லை என்றால் எவ்வளவு சிறிய அடியானாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

படி 3: ஒத்தடம் கொடுங்கள்

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, குழந்தை பொறுத்துக்கொள்ளும் வரை, அதிகம் போனால் 10 நிமிடம் வைத்தால் போதும். வீக்கத்தைத் தேய்த்து அமுக்கினால் உள்ளே இரத்தக் கசிவு கூடவே செய்யும். தோல் கிழிந்திருந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் கொடுப்பதானால் எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவைக் கேளுங்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் கொண்டவை அல்ல என்பதை அவசரத்தில் மறந்துவிடுகிறோம். ஆஸ்பிரின் வேண்டாம்.

படி 4: தூக்கத்தைத் தடுக்காதீர்கள்

அடிபட்ட குழந்தையைத் தூங்கவிடக் கூடாது என்று பலரும் சொல்வார்கள். வழக்கமான தூக்க நேரமாக இருந்து, அதற்குமுன் குழந்தை இயல்பாக இருந்திருந்தால், தாராளமாகத் தூங்கட்டும். முதல் 4 முதல் 6 மணி நேரம் மட்டும் அருகிலேயே இருந்து மூச்சையும் நிறத்தையும் கவனியுங்கள். இரவில் ஓரிரு முறை தொட்டு எழுப்பும்போது முனகி, முகம் சுளித்து, உங்களை அடையாளம் கண்டுகொண்டு மறுபடி உறங்கினால் போதும்.

படி 5: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், ஆற்ற முடியாத அழுகை, பால் குடிக்க மறுப்பது, ஒரு கையோ காலோ அசைவு குறைவது, கருமணிகள் அளவில் வேறுபடுவது, மூக்கிலோ காதிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிவது ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். அங்கே மருத்துவர் உடனே சி.டி. ஸ்கேன் எடுக்காமல் சில மணி நேரம் கண்காணிக்கச் சொன்னால் அதை அலட்சியமாக எண்ண வேண்டாம். தேவையற்ற கதிர்வீச்சைத் தவிர்க்கவே அப்படிச் செய்கிறார்கள்.

அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் 48 மணி நேரம் வரை ஒரு கண் வைத்திருங்கள். ஓரிரு நாளில் நெற்றியில் தேங்கிய இரத்தம் கீழிறங்கி இமையோரம் நீலமாகி, பிறகு பச்சையும் மஞ்சளுமாக மாறி மறைவதுண்டு. என் மகளுக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஆனால் இரு கண்களைச் சுற்றியுமோ காதுக்குப் பின்னாலோ கன்றிப்போயிருந்தால், குழந்தை சிரித்து விளையாடினாலும் அன்றே காட்டிவிடுங்கள்.