பிரித்தானியாவில் மின்சாரமும் எரிவாயுவும்: நிலையான கட்டணமா, மாறும் கட்டணமா?

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய இடங்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மின்சாரத்தையும் எரிவாயுவையும் பெரும்பாலும் இரண்டு வகைத் திட்டங்களில் ஒன்றின்படி வாங்குகின்றன. நிலையான திட்டத்தில் ஒரு யூனிட்டின் (பில்லில் kWh என்று இருக்கும்) விலையும், எதையும் பயன்படுத்தாத நாளிலும் சேரும் ஸ்டாண்டிங் சார்ஜும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை மாறுவதில்லை. மாறும் திட்டத்தில், ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் வகுக்கும் உச்சவரம்புக்குள், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளில் இவை இரண்டும் ஏறலாம், இறங்கலாம். எந்தத் திட்டமானாலும் கட்டுக்குள் இருப்பது விலைதான், மொத்த பில் அல்ல. ஹீட்டிங்கைக் கூடுதல் நேரம் ஓடவிட்டால் பில் ஏறத்தான் செய்யும்.

முடிவெடுப்பதற்கு முன், கடந்த 12 மாதங்களில் உங்கள் வீட்டில் எத்தனை யூனிட் மின்சாரமும் எத்தனை யூனிட் எரிவாயுவும் செலவாயின என்பதைப் பில்லில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் டைரக்ட் டெபிட்டில் போகும் தொகையை வைத்து ஒப்பிடக் கூடாது. அது நிறுவனம் தன் மதிப்பீட்டின்படி பிரித்து வாங்கும் தவணை மட்டுமே. மீட்டரை நேரில் பார்க்காமல் உத்தேசமாகப் போட்ட பில்லாக இருந்தால், முதலில் சரியான ரீடிங்கைக் கொடுத்துவிடுங்கள். விலை பகுதிக்குப் பகுதி வேறுபடுவதால், உறவினர் வீட்டு விலையைக் கேட்டு முடிவு செய்யாமல் உங்கள் அஞ்சல் குறியீட்டுக்குரிய விலையைக் கேளுங்கள்.

பலர் யூனிட் விலையை மட்டும் பார்த்து ஏமாறுவதால் இதைக் கணக்குப் போட்டே காட்ட விரும்புகிறேன். தனியாக வாழும் ஒரு மூதாட்டி ஆண்டுக்கு 1,800 யூனிட் மின்சாரம் செலவிடுகிறார் என்று கொள்வோம். அவருக்கு வந்த நிலையான திட்டத்தில் யூனிட் விலை 2 பென்ஸ் குறைவு, ஆனால் ஸ்டாண்டிங் சார்ஜ் நாளொன்றுக்கு 12 பென்ஸ் கூடுதல். யூனிட்டில் அவர் மிச்சம் பிடிப்பது 36 பவுண்டு. ஸ்டாண்டிங் சார்ஜில் 365 நாட்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பது 43 பவுண்டு 80 பென்ஸ். மலிவாகத் தெரிந்த திட்டம் அவருக்கு ஏறக்குறைய 8 பவுண்டு நட்டம். அதே திட்டம் ஆண்டுக்கு 4,000 யூனிட் செலவிடும் பெரிய குடும்பத்துக்கு 36 பவுண்டுக்கு மேல் லாபம் தரும்.

அடுத்தது பருவம். வீட்டின் எரிவாயுவில் பெரும்பகுதி குளிர்காலத்தில்தான் எரிகிறது. ஆகவே ஜூலையில் உச்சவரம்பு இறங்கினால் கிடைக்கும் ஆதாயம் சிறிது. ஜனவரியில் ஏறினால் சுமை பெரிது. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் பிற்பகுதியில் அடுத்த காலாண்டின் வரம்பை ஆஃப்ஜெம் அறிவிக்கும். அந்த நாள் நெருங்கியிருந்தால் பொறுத்திருந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. எனினும் விலை ஏறும் என்று தெரிந்துவிட்டால் நல்ல நிலையான திட்டங்கள் சந்தையிலிருந்து விரைவில் மறைந்துவிடுகின்றன.

விலையின் போக்கை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2023 ஜனவரியில், சராசரி அளவில் பயன்படுத்தும் ஒரு வீட்டின் ஆண்டு பில்லாகக் கணக்கிட்டால் 4,279 பவுண்டாக இருந்த உச்சவரம்பு, அதே ஆண்டு ஜூலையில் 2,074 பவுண்டாக இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் அரசு உதவித்தொகை தந்து மக்களைத் தாங்கியது. ஆகவே, ஏற்றத்தைத் தாங்கும் இடம் உங்கள் வரவு செலவில் உண்டா என்பதையே முதலில் பாருங்கள். கைக்குழந்தையோ நோயுற்ற பெற்றோரோ இருந்து, வருமானமும் இறுக்கமாக இருக்கும் வீட்டில், இரண்டு திட்டங்களுக்கும் ஆண்டு முழுவதற்குமான வேறுபாடு சிறிதாக இருந்தால் நிலையான திட்டத்தையே எடுங்கள் என்பேன். சேமிப்பு உள்ளவர்களும் சில மாதங்களில் வீடு மாறப்போகிறவர்களும் மாறும் திட்டத்தில் காத்திருக்கலாம்.

ஒப்பந்தத்தில் முன்கூட்டி விலகும் கட்டணம் எவ்வளவு, அது மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் தனித்தனியா என்பதைக் கட்டாயம் படியுங்கள். ஒப்பந்தம் முடியும் கடைசி 49 நாட்களில் அக்கட்டணத்தை வசூலிக்க நிறுவனத்துக்கு உரிமையில்லை. கெடு முடிந்தபின் நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் பொதுவாக மாறும் திட்டத்துக்குத் தானாகவே மாற்றப்படுவீர்கள். எனவே, கையெழுத்திடும் அன்றே அந்த 49 நாட்கள் தொடங்கும் தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.