லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிக்கு எந்த இன்ஜின் ஆயில்?

கார் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், "இனிமே கெட்டி ஆயிலா ஊத்துங்க" என்ற யோசனை காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் தாராளமாகக் கிடைக்கும். மீட்டரைப் பார்த்து ஆயிலை மாற்றாதீர்கள். இன்ஜின் எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

படி 1: ஆயில் குடிக்கிறதா?

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. ஓடியபின் அதே மாதிரி பாருங்கள். பல கார்களில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே முக்கால் முதல் 1 லிட்டர் வரை பிடிக்கும்.

ஆயில் கால் லிட்டர்தான் குறைந்திருக்கிறது என்றால் கவலை வேண்டாம், கையேட்டில் உள்ள கிரேடையே (5டபிள்யூ-30 போன்ற தடிமன் குறியீடு) தொடருங்கள். 1 லிட்டரை நெருங்கினால் புகையைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஆயில் பால் கலந்த மாதிரி இருந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். எந்த ஆயிலும் அதைச் சரிசெய்யாது.

படி 2: டப்பாவைப் படியுங்கள்

5டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டுகிறது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும் சோதிப்பார்கள். செட்டிநாட்டின் மார்கழிக்கு இரண்டும் போதும். நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது எண். 100 டிகிரியில் 30 கிரேடின் தடிமன் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (ஆயில் தடிமனின் அலகு) வரை. 40 கிரேடுக்கு 12.5 முதல் 16.3 வரை.

ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு 30-லிருந்து 40-க்கு ஒரு படி ஏறலாம், அதுவும் கையேட்டு அட்டவணை அனுமதித்தால் மட்டும். பழைய அம்பாசடருக்கு ஊற்றும் 20டபிள்யூ-50 டப்பாவைப் புதிய பெட்ரோல் காரில் கவிழ்த்தால், குறுகலான வழிகளில் ஆயில் தாமதமாகப் போகும். ஸ்டார்ட் ஆனதும் வால்வுப் பக்கம் சத்தம் வரும், மைலேஜும் குறையும்.

கிரேடோடு தரக் குறியீட்டையும் பாருங்கள். பெட்ரோலுக்கு ஏபிஐ எஸ்என் அல்லது எஸ்பி. பிஎஸ்6 டீசலில் புகை வடிகட்டி இருந்தால், ஏசிஇஏ (ACEA) சி3 போன்ற, சாம்பல் குறைந்த ஆயில்களில் கையேடு சொல்வதைத்தான் வாங்க வேண்டும். மற்றதைப் போட்டால் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பைக்குக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்புண்டு.

'ஹை மைலேஜ்' (அதிக தூரம் ஓடிய வண்டிக்கானது) என்று விற்கும் ஆயிலில் இறுகிப்போன ரப்பர் சீலை மென்மையாக்கும் சேர்க்கை இருக்கும். லேசான கசிவுக்கு உதவும். கிழிந்த சீலை ஒட்டாது.

படி 3: ஓடாத வண்டி

பெரிய வீட்டு ஷெட்டில் பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) மட்டும் வெளியே வரும் கார்கள் இங்கே நிறைய. அவை 2,000 கி.மீ.தான் ஓடியிருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றியே ஆக வேண்டும். வாட்ச்மேன் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லதற்குச் செய்வதுபோலத் தோன்றும். ஆனால் இன்ஜின் சூடேறாமல் உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்துவிடும். அதற்குப் பதில் அரைமணி நேரம் ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள். செம்மண் பாதையில் அடிக்கடி போகும் வண்டிக்கு ஏர் ஃபில்டரையும் சேர்த்துப் பாருங்கள்; உள்ளே புகும் தூசிதான் ரிங்கைத் தேய்க்கும்.

படி 4: மாற்றும்போது

ஆயில் ஃபில்டரும் டிரெயின் போல்ட் வாஷரும் புதிதாகவே இருக்கட்டும். ஃபில்டர் ரப்பரில் கொஞ்சம் ஆயில் தடவுங்கள். அந்த ரப்பர் இன்ஜினில் பொருந்தும் இடத்தைத் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். முதலில் கையேட்டு அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்து ஏற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் (இன்ஜினுக்குள் சுழலும் தண்டு) அடித்து ஆயில் நுரைக்கும்.

வருடக்கணக்கில் ஆயில் மாற்றாத இன்ஜினுக்கு 'ஃபிளஷ்' (உள்ளே கசடைக் கழுவும் திரவம்) போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பெயர்ந்த கசடு ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கலாம். நல்ல ஆயில் ஊற்றி 3,000 கி.மீ.யில் ஃபில்டரோடு இன்னொருமுறை மாற்றுங்கள், கசடு மெல்லக் கரைந்து வரும். இடையில், சூடான ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்கினால் வண்டியை நிறுத்திவிட்டு அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் கேஜ் வைத்துப் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள்.