கையடக்கக் கணினி வாங்கும் முன்: கம்பியில்லா இணைப்புகளை அறிந்து தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாக டேப்லெட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் திரையையும் கேமராவையும்தான் முதலில் பார்க்கிறார்கள். விவரப் பட்டியலின் கடைசிப் பகுதிக்கு முதலில் போங்கள் என்பேன். வைஃபை, புளூடூத், சிம் பற்றிய விவரங்கள் வழக்கமாக அங்கேதான் இருக்கும். சேமிப்பிடம் போதாவிட்டால் பல கருவிகளில் மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம். கீபோர்டைப் பிறகு வாங்கலாம். கருவிக்குள் இல்லாத சிம் வசதியைப் பிறகு பொருத்த வழியில்லை. அதனால் இணைப்பை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றதற்குப் பிறகு வருவதே நல்லது.

படி 1: எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள்?

கருவியோடு அதிக நேரம் இருக்கப்போகும் இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே அங்கே வைஃபை உண்டா, இல்லையா என்று குறியுங்கள். அடுத்த படிக்கு இந்தத் தாள்தான் விடை சொல்லும்.

படி 2: வைஃபை மட்டும் போதுமா, சிம்மும் வேண்டுமா?

எழுதிய இடங்களில் எல்லாம் வைஃபை இருந்தால், வைஃபை மட்டும் உள்ள மாடலே போதும். எப்போதாவது வெளியே போகும்போது போனில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அதன் இணையத்தை டேப்லெட்டுக்குப் பகிரலாம். ஆனால் அப்போது போனின் சார்ஜ் வேகமாக இறங்கும். தினமும் மணிக்கணக்கில் வெளியே வேலை செய்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் சிம் உள்ள மாடலை வாங்குவதே சரி.

சிம் மாடலை எடுப்பதானால் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். முதலாவது, அழைப்பு வசதி. சிம் போடும் டேப்லெட்டுகள் பலவற்றில் இணையம் மட்டுமே கிடைக்கும், சாதாரண போன் அழைப்பு பேச முடியாது. இரண்டாவது, அலைவரிசைப் பட்டைகள், அதாவது சிக்னல் வந்துபோகும் அலைவரிசை வரம்புகள். 4ஜி, 5ஜி இரண்டுக்கும் நாட்டுக்கு நாடு, சிம் தரும் நிறுவனத்துக்கு நிறுவனம் வெவ்வேறு பட்டைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வேறொரு நாட்டிலிருந்து கருவியை வாங்கி வந்தால், சிம் பொருந்தினாலும் சிக்னல் சரியாகக் கிடைக்காமல் போகலாம். மூன்றாவது, சிம்மின் வகை. சில கருவிகளில் சிம் அட்டை போடும் இடமே இருக்காது, கருவிக்குள்ளேயே பதிக்கப்பட்ட இசிம் மட்டும்தான். உங்கள் சிம் நிறுவனம் இசிம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது ஜிபிஎஸ். ஐபேடில் வைஃபை மட்டும் உள்ள மாடல்களில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் உள்ள மாடல்களில் உண்டு. ஜிபிஎஸ் இல்லாத கருவி அருகிலுள்ள வைஃபை இணைப்புகளை வைத்து இடத்தைக் கணிக்கும். வண்டியில் வழிகாட்டியாக வைத்துக்கொள்ள அது போதாது.

படி 3: வைஃபை வரியைப் படியுங்கள்

பட்டியலில் "802.11 ஏ/பி/ஜி/என்/ஏசி" என்று ஒரு வரி இருக்கும். பார்த்தால் மிரட்டும், ஆனால் படிப்பது எளிது. கடைசி எழுத்துதான் அந்தக் கருவி எட்டும் உச்சம். 2018-இல் வைஃபை அலையன்ஸ் அமைப்பு இந்த எழுத்துகளுக்கு எளிய எண்களைக் கொடுத்தது: "என்" என்றால் வைஃபை 4, "ஏசி" என்றால் வைஃபை 5, "ஏஎக்ஸ்" என்றால் வைஃபை 6. அதற்கடுத்த "பிஇ" வைஃபை 7.

இந்த வரியில் "ஏசி" இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தக் கருவி 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் இயங்கும். "பி/ஜி/என்" என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. 2.4 சுவர்களைத் தாண்டித் தொலைவு வரை போகும். ஆனால் அந்தப் பட்டையில் நெரிசல் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பும் அதை ஒட்டியே இயங்குவதால், அடுப்பு ஓடும் நேரத்தில் பக்கத்து அறையில் வீடியோ திணறுவதைப் பார்க்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைந்தது. ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். அதனால் இரண்டு பட்டைகளும் உள்ள கருவியை மட்டுமே வாங்குங்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

வைஃபை 7 தேவையா? உங்கள் ரவுட்டர் (வீட்டில் வைஃபை தரும் பெட்டி) வைஃபை 5 என்றால், வைஃபை 7 கருவியும் அதனோடு வைஃபை 5 ஆகத்தான் பேசும். நெடுநாள் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு வைஃபை 6 நல்ல தேர்வு.

படி 4: புளூடூத், என்எஃப்சி

கீபோர்டு, ஹெட்போன், பேனா போன்றவற்றை இணைப்பது புளூடூத். இதற்குப் பதிப்பு எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இயங்குகிறது. பாட்டு விட்டுவிட்டுக் கேட்டால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். பல நேரங்களில் சரியாகிவிடும். என்எஃப்சி என்பது கருவியை இன்னொன்றின் அருகே வைத்தாலே தகவலைப் பரிமாறும் வசதி. சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் மட்டுமே வேலை செய்யும். டேப்லெட்டைப் பொறுத்தவரை, அது இல்லாவிட்டாலும் குறையில்லை.

படி 5: மற்ற விவரங்கள்

திரை, ரேம், பேட்டரி எல்லாம் உங்கள் விருப்பம், உங்கள் கையிருப்பு. ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் பாருங்கள். எந்நேரமும் இணையத்தில் இருக்கும் கருவிக்கு அது மிக முக்கியம்.

படி 6: வாங்கியதும் சோதியுங்கள்

திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இவற்றைச் செய்துவிடுங்கள். ரவுட்டரின் அருகில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்துக்கும், வீட்டின் கடைசி அறைக்கும் கருவியோடு நடந்து போங்கள். ரவுட்டர் இரண்டு பட்டைகளுக்கும் தனித்தனிப் பெயர் காட்டினால் இரண்டையும் மாற்றி மாற்றி முயலுங்கள். சிம் மாடல் என்றால் வைஃபையை அணைத்துவிட்டு, வெளியே வந்து ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஹெட்போனை இணைத்து அறைக்குள் நடந்து பாருங்கள். அறைக்குள்ளேயே ஒலி அறுந்தாலோ, போனுக்கு நன்றாகக் கிடைக்கும் வைஃபை அதே இடத்தில் டேப்லெட்டுக்கு மட்டும் கிடைக்காமல் போனாலோ, தயங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள்.