"எனக்கு ஞாபகம் இருக்கு சார்": கணக்கு மேசையில் கவனம் நழுவும் இடங்கள்

எங்கள் ஆடிட்டர் ஆபீஸ் பெங்களூரு சிக்பேட்டையில், ஒரு முதல் மாடியில். சேலம், ஈரோடு, ஓசூர்ப் பக்கமிருந்து சி.ஏ. இன்டர் முடித்த பிள்ளைகள் ஆர்டிகிள்ஷிப் என்கிற ஆபீஸ் பயிற்சிக்கு வருகிறார்கள். கெட்டிக்காரர்கள். சட்டப் பிரிவுகளை எண்ணோடு ஒப்பிப்பார்கள். ஆனால் ஜி.எஸ்.டி. தாக்கலுக்குக் கெடுவான 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் மாதத்தில் நெருங்கினால் போதும், அதே நாற்காலியில் உட்கார்ந்து நாங்கள் அந்தக் காலத்தில் செய்த கோளாறுகளை அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். கணக்குத் தெரியாமல் வருகிற தவறுகள் இதில் சொற்பம். கவனம் ஒரு நொடி வேறு பக்கம் போன இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்கல்.

வேலை நேரத்தில் ரீல்ஸ் பார்க்காதே, ராத்திரி ரெண்டு மணி வரை முழித்திருக்காதே என்றெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

போனைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று நினைப்பது

போதாது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2017-இல் நடந்த ஆய்வில், சைலன்ட்டில் போட்ட போனை மேசைமேல் வைத்திருந்தவர்கள், வேறு அறையில் விட்டு வந்தவர்களைவிட நினைவுத்திறன் சோதனையில் பின்தங்கினார்கள். பிற்பாடு அதையே செய்துபார்த்த சிலருக்கு அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை, அதனால் இதை வேதவாக்காகச் சொல்லமாட்டேன். சத்தம் வந்தால் கதை வேறு. 2015-இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள்: போனைத் தொடவே வேண்டாம், மெசேஜ் வந்த ஒலி கேட்டாலே கையில் இருக்கும் வேலையில் பிழை கூடுகிறது. போன் பைக்குள் போகட்டும், பை பீரோவுக்குள் போகட்டும்.

"கன்னடம் புரியாது, அதனால் எனக்குத் தொல்லையில்லை"

புதிதாக வருகிறவர்கள் பெருமையாகச் சொல்வது இது. பக்கத்து மேசையில் சீனியர் அண்ணா பார்ட்டியோடு, அதாவது கணக்குக் கொடுக்கும் வாடிக்கையாளரோடு, கன்னடத்தில் மணிக்கணக்கில் பேசுவார், இவர் பாட்டுக்கு எண்களை ஏற்றிக்கொண்டிருப்பார். அர்த்தம் புரியாத பேச்சு ஒன்றும் செய்யாது என்பது நம்பிக்கைதான். ஒருவருக்கு எழுத்துகளையோ எண்களையோ வரிசையாக நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, அவருக்குத் தெரியாத மொழியில் பேச்சை ஓடவிட்டால் வரிசை குலைந்துவிடுகிறது. 1970-களிலிருந்தே உளவியலில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். சத்தம் பெரிதா சிறிதா என்பதுகூட அவ்வளவு முக்கியமில்லை. ஓசை மாறிக்கொண்டே இருப்பதுதான் வினை. மின்விசிறி நாள் முழுக்க ஒரே மாதிரி இரைந்தாலும் பாதகமில்லை, தாழ்ந்த குரலில் ஒருவர் பேசினால் பாதகம். இயர்போனில் ஓடும் சினிமாப் பாட்டும் பேச்சுக் கணக்குதான்.

பலன் கண்ணெதிரே வரும். 8,640 என்று பில்லில் இருப்பது 8,460 என்று ஏறும். பற்றும் வரவும் சமமாக வரவேண்டிய டிரயல் பேலன்ஸில் 180 ரூபாய் இடிக்கும். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் முதலில் இடம் மாறிய எண்ணைத் தேடு என்று எல்லா ஆபீஸிலும் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த நேரத்தில் யார் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை

நடக்காது. மாறி மாறித்தான் செய்கிறோம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் விலை உண்டு.

பாதியில் எழுந்து போவது

இதைப் பேசினால் எனக்கு இன்னும் பிபி ஏறும்.

பிளம்பிங் சாமான் மொத்த வியாபாரி ஒருவர், எங்களுக்குப் பழைய பார்ட்டி. அவருடைய ஆகஸ்ட் மாதக் கொள்முதல் பில் கட்டு ஒரு பையன் கையில். டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். மேலே இருப்பது பைப் பில்: மதிப்பு 2,40,000, வரி 18 சதவீதம், 43,200. பதிவை முடித்து என்டர் தட்டுகிற நேரத்தில் போன். வேறொரு பார்ட்டி: "ஒந்து நிமிஷ சார், ஈ-வே பில் நம்பர் ஹேளி." ஒரு நிமிஷம், சரக்கு லாரிக்கான அனுமதிச் சீட்டின் எண்ணைச் சொல்லுங்கள் என்கிறார். எடுத்துச் சொன்னான், வைத்தான், திரும்பினான். பில் கட்டின்மேல் அப்படியே மல்லாந்து கிடக்கிறது. டிக் இல்லை. சரி, இதுதான் அடுத்தது என்று மறுபடி ஏற்றினான். முதல் தடவை பில் எண் 0417, இரண்டாம் தடவை வெறும் 417. டேலி அதை இரண்டு பில்லாக எடுத்துக்கொண்டது.

விற்றவர்கள் காட்டிய பில்களை ஜி.எஸ்.டி. தளம் பட்டியலிடும் 2பி-யோடு ஒப்பிடும்போது மாட்டியிருக்க வேண்டும். அதுவும் கடைசி நாள் ராத்திரி, நாலு போனுக்கு நடுவே நடந்தது. யாரோ டிக் அடித்துவிட்டார்கள். கொள்முதலில் கொடுத்த வரிக்கான கிரெடிட்டை இரண்டு தடவை எடுத்து, பயன்படுத்தி, மாத வரிப் படிவமான 3பி-யும் தாக்கலாகிவிட்டது. வருஷக் கணக்கு முடிக்கும்போது, ஏழு மாதம் கழித்து வெளியே வந்தது. 43,200-ஐத் திருப்பிக் கட்டியாக வேண்டும், அதன்மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, ஏறத்தாழ 4,500. பார்ட்டி சத்தம்கூடப் போடவில்லை. வட்டியை எங்கள் பீஸில் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குச் செக் எழுதிக் கொடுத்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

பையனைக் கேட்டால், "ஒரு நிமிஷம்தானே சார் பேசினேன்." நிமிஷக் கணக்கு இங்கே செல்லாது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் எரிக் ஆல்ட்மனும் உடன் வேலை செய்தவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வரிசைப்படி செய்ய வேண்டிய ஒரு கணினி வேலையைக் கொடுத்து நடுவில் சின்னதாகக் குறுக்கிட்டார்கள். சராசரியாக 2.8 வினாடிதான். வரிசை பிசகுவது இரண்டு மடங்கானது. 4.4 வினாடிக்கு மூன்று மடங்கு. பிசகு என்றால் ஒரு படியைத் தாண்டிவிடுவது, இல்லையென்றால் செய்ததையே திரும்பச் செய்வது. பில் விட்டுப்போவதும் இரட்டையாக ஏறுவதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

இதில் இன்னொரு வம்பு, நேரத்தைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஆய்வாளர் குளோரியா மார்க் குழுவினர் 2008-இல் கண்டது, இடையூறு பட்டவர்கள் வேலையை இன்னும் வேகமாகவே முடிக்கிறார்கள். விட்டதைப் பிடிக்கும் அவசரம். கூடவே எரிச்சலும் அழுத்தமும் ஏறிவிடுகின்றன. ஆகவே டைம்ஷீட் சுத்தமாக இருக்கும், ஆள்தான் சாயங்காலம் துவண்டிருப்பான்.

மருந்து ரொம்பச் சாதாரணம். போன் அடித்தால் அடிக்கட்டும், கையில் இருக்கும் பதிவை முடி. பில்லில் பென்சில் டிக். பில்லைக் கவிழ். துண்டுச் சீட்டில் ஒரு வரி: "0417 ஏறியாச்சு. அடுத்தது 0418, லாரி வாடகை சேர்க்கணும்." அப்புறம் போனை எடு. விட்டுவந்த வேலை மனதில் ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையைக் கெடுப்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் எழுதினார். எங்கே நின்றோம், திரும்பி வந்து என்ன செய்வோம் என்று கொஞ்ச நேரம் ஒதுக்கிக் குறித்துவிட்டால் அந்த ஒட்டல் குறைகிறது என்று 2018-இல் அவரும் இன்னொருவரும் காட்டினார்கள். அதாவது அந்தச் சீட்டால் போனில் பேசுவதும் ஒழுங்காக நடக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சீட்டு எங்கேப்பா என்று கேட்டால் பதில்: "எனக்கு ஞாபகம் இருக்கு சார்." ஞாபகம் இல்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 0417-ஐ ஏற்றியவனுக்கும் ஞாபகம் இருந்தது.

ஹெல்மெட்டுக்குள் போன்

டவுன் ஹால் சிக்னலில் தினமும் பார்க்கிறேன், எங்கள் பிள்ளைகளும் உண்டு. கை ஹேண்டிலில்தானே இருக்கிறது என்பார்கள். கையில் பிடித்துப் பேசினாலும் ஹேண்ட்ஸ்-ஃப்ரீயில் பேசினாலும் ஓட்டுபவர் கவனம் ஒரே மாதிரிதான் கெடுகிறது என்று யூட்டா பல்கலைக்கழகத்தில் 2001-லேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். பார்ட்டி பத்து நிமிஷம் காத்திருப்பார்.

கூப்பிடுகிறவர்கள்

இது சீனியர்களுக்கு. பிள்ளைகள் மேசையில் விழும் குறுக்கீட்டில் பெரிய பங்கு நம்முடையது. "டேய், அந்த ஃபைலைக் கொண்டு வா" என்று கேபினிலிருந்து குரல் கொடுப்பதை நிறுத்தலாம். எங்கள் ஆபீஸில் இப்போது கேட்பதைச் சீட்டில் எழுதி அவர்கள் மேசையின் இடது ஓரத்தில் வைத்துவிடுகிறோம், பதிவு முடிந்ததும் எடுத்துப் பார்ப்பார்கள். 18-இலிருந்து 20 வரை ஆபீஸ் போன் முறை வைத்து ஒருவரிடம் மட்டும் இருக்கும், அவர் அன்றைக்கு டேலியைத் தொடக்கூடாது. வரித் துறையிலிருந்து வந்த நோட்டீஸுக்கு அன்றே கெடு என்றால் மட்டும் குரல் கொடுக்கலாம். போன் முறை யாருக்கும் பிடிப்பதில்லை, அதற்காக லீவு கேட்பவர்களும் உண்டு. கொடுப்பதில்லை.